மேட்டில் நிற்காத கார்

அத்தியாயம் 14

போன வாரம் றிஸ்னா டீச்சரை லக்கல வயல் ரோட்டில், நின்றுபோன காருக்குள், எதிரே ஒரு தனியன் யானையோடு விட்டுவிட்டு வந்தோம். பயப்பட வேண்டாம், டீச்சர் பத்திரமாக இருக்கிறாள். யானை நாற்பது நிமிடம் காரைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு இதில் தின்ன ஒன்றுமில்லை என்று தீர்மானித்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது.

யானை போன பிறகும் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. வயல் காவலுக்கு வந்த இரண்டு பேர்தான் தள்ளிவிட்டார்கள்.

மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவள் அழவில்லை, யாரையும் ஏசவும் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு, "இனி ஏலாது" என்று மட்டும் சொன்னாள்.

கணவர் ஸியாம் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவர். பதினான்கு வருடமாகக் காரைப் பற்றி எது சொன்னாலும் "பார்ப்போம்" என்பதே அவர் பதில். அன்றைக்கு, "சனிக்கிழமை பார்ப்போம்" என்றார். அந்த வீட்டில் ஒரு காரியத்துக்குக் கிழமை குறிக்கப்பட்டதே பெரிய சங்கதி.

இன்று அந்தச் சனிக்கிழமை.

றிஸ்னா லக்கலயில் ஒரு சிங்களப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். காலை நாலரைக்கு வீட்டை விட்டு இறங்கினால் இரத்தோட்டை தாண்டி, மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி ஏழேகாலுக்குப் போய்ச் சேரலாம். பஸ்ஸை நம்பினால் ஒன்பது மணியாகும். கார் மக்கர் பண்ணியதால் இந்தப் பாடசாலைத் தவணையில் மட்டும் நாலு நாள் பிந்திப் போயிருக்கிறாள்.

பாடசாலை அதிபர் கெட்டவரில்லை. வியாழக்கிழமை அவளைக் கூப்பிட்டு, சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். பாடசாலைக்குப் பின்னால் ஒரு குவார்ட்டர்ஸ் காலியாக இருக்கிறது, திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே தங்கலாம். அது சரிவராது என்றால் பிந்தி வருவதைப் பற்றி அவர் மேலிடத்துக்கு எழுத வேண்டி வரும். திங்கட்கிழமை காலையில் அவருக்குப் பதில் வேண்டும்.

மகள் அஸ்ராவுக்கு இந்த வருடம் ஏ.எல். பரீட்சை. அவளை விட்டுவிட்டு வாரத்தில் ஐந்து நாள் காட்டு ஓரத்தில் ஓர் அறையில் கிடக்க றிஸ்னாவுக்கு மனமில்லை. "அப்ப வேலைய விட்டுடேன்" என்றார் ஸியாம், அது ஏதோ பழைய செருப்பு மாதிரி. பத்தொன்பது வருடத்து வேலையை விடவும் அவளுக்கு மனமில்லை. அவள் கேட்டது ஓடுகிற ஒரு கார், அவ்வளவுதான்.

இருக்கிற கார் வெள்ளை நிறத்துப் பழைய சன்னி. அதற்கு வீட்டில் வைத்த பெயர் மாணிக்கம். முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசன் துண்டில் 'கே. இராசமாணிக்கம், இரத்தோட்டை' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். அஸ்ரா எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிய நாளில் முதலில் வாசித்தது அதைத்தான். அன்றிலிருந்து, மாணிக்கம் இருமுகிறார், மாணிக்கத்துக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும் என்றுதான் வீட்டில் பேச்சு. அந்தப் பெயருக்குரிய மனிதர் யார், எங்கே இருக்கிறார் என்று ஒருவரும் யோசித்ததில்லை.

மாணிக்கத்துக்கு ஒரு தீராத வியாதி. மேட்டில் நிற்பாட்டினால் இன்ஜின் செத்துவிடும், செத்தால் தள்ளித்தான் எடுக்க வேண்டும். அதனால் இரத்தோட்டையில் தொடங்கும் ஏற்றத்தில் றிஸ்னா எதற்காகவும் பிரேக்கை மிதிக்க மாட்டாள். விடியற்காலை இருட்டில் ரோட்டோரம் நின்று லிஃப்ட் கேட்டுக் கை காட்டுகிறவர்களைத் தாண்டித் தாண்டியே போவாள். மனம் வராமல் இல்லை, மாணிக்கத்துக்கு வராது.

சரி, இனி இன்றைய நாளுக்கு வருவோம்.

*

பலீல் நானாவின் கார் சேல் மாத்தளை டவுனுக்கு வெளியே, ஒரு பழைய மர ஆலை வளவுக்குள் இருந்தது. கழுவித் துடைத்த ஏழு கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் விலையையும் கேட்கக் கேட்க ஸியாமின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"இந்த விலைக்கு முந்தி ஒரு வீடே கட்டியிருக்கலாமே நானா."

"வெளிநாட்டுல இருந்து வாகனம் இறக்குறத நிப்பாட்டி வச்சிருந்த காலத்துல ஏறின விலை, இன்னும் இறங்கல்ல. நான் என்ன செய்ய?" என்றார் பலீல் நானா. இதைத் தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறவர் என்பது குரலிலேயே தெரிந்தது.

றிஸ்னா கட்டி முடித்த சீட்டுப் பணம் இருக்கிறது. பழைய காரைக் கொடுத்து மாற்றிக்கொண்டால், ஏழில் இரண்டு கார்கள் கைக்கு எட்டும். ஒன்று நீளமான கறுப்புக் கார், அஸ்ராவை விட வயதில் மூத்தது. மற்றது வெள்ளி நிறத்தில் ஒரு குட்டி இந்தியக் கார், வயது பன்னிரண்டு.

ஸியாம் நேராகப் போய்க் கறுப்புக் காருக்குள் ஏறிக்கொண்டார். கண்ணாடியைத் திருப்பினார், சீட்டைப் பின்னால் தள்ளினார், ஏசியைப் போட்டு முகத்தைக் காட்டினார்.

"றிஸ்னா, இங்க வந்து பாரேன். கல்யாண வீட்டுக்குப் போய் இறங்கினா எப்படி இருக்கும்!"

வருடத்துக்கு எத்தனை கல்யாணம் என்ற கேள்வி அவளுக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை. களைத்த மனுசிக்குச் சண்டை பிடிக்கவும் தெம்பு வேண்டுமே. வளவுக்குப் பின்னால் செங்குத்தாக ஏறிப்போகும் கொங்கிரீட் ஒழுங்கையைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானா, நான் அதுல ஓட்டிப் பார்க்கணும்."

"அங்க எதுக்கு டீச்சர்? தார் ரோட்டுல ஒரு ரவுண்ட் போயிட்டு வாங்களேன்."

"ரவுண்ட் வேணாம். மேட்டுல பாதியில நிப்பாட்டி எடுக்கணும்."

கார் வாங்க வருகிறவர்கள் டயரை உதைப்பார்கள், பொனட்டைத் திறந்து தெரிந்த மாதிரித் தலையை ஆட்டுவார்கள். இப்படி ஒரு பரீட்சையைப் பலீல் நானா கண்டதில்லை. சாவியைக் கொடுத்தார்.

முதலில் கறுப்புக் கார். பாதி மேட்டில் நிற்பாட்டி மறுபடி எடுத்தாள். இரண்டடி பின்னால் உருண்டு, குலுங்கி, நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த ஸியாம் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு இது பழக்கம் இல்ல" என்றார்.

"பழகுற வரைக்கும் யானை பொறுத்துக்கிட்டு நிக்குமா?"

அடுத்தது குட்டிக் கார். அதே இடத்தில் நிற்பாட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். ஒரு பெருமூச்சு விட்டுப் பிரேக்கைத் தளர்த்தி, கிளட்சை விட்டாள். கார் ஒன்றுமே நடக்காதது போல ஏறியது. நம்ப முடியாமல் இன்னொரு தடவை நிற்பாட்டினாள். ஏறியது. மூன்றாவது தடவையும் ஏறியது.

ஒழுங்கையின் உச்சியில் காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இத்தனை வருடமாக அந்த ஏற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இதுதான்" என்றாள்.

"சின்னது றிஸ்னா. பின் சீட்டுல மூணு பேர் இருந்தா முட்டி மூக்குல இடிக்கும்."

"பின் சீட்டுல யாரு இருக்கிறது? காலையில நாலரைக்கு என்னோட யாரு வாறாங்க?"

கீழே இறங்கியபோது ஸியாம் கறுப்புக் காரை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு வந்தார், பாவம்.

பலீல் நானா மாணிக்கத்தைச் சுற்றி வந்தார். டிக்கியைத் திறந்ததும் கராம்பு வாசம் மூக்கில் ஏறித் தும்மினார். பிறகு லைசன் துண்டைக் குனிந்து பார்த்தார்.

"யாரு இந்த இராசமாணிக்கம்?"

"அவர்கிட்டத்தான் எடுத்தது. ஓபன் பேப்பர்" என்றார் ஸியாம். "அந்த நாளையில எல்லாரும் அப்படித்தானே நானா."

எல்லாரும் அப்படித்தான். விற்கிறவர் உரிமை மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, வாங்குகிறவரின் பெயரை எழுதாமல் வெறுமையாகக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் அதை அல்மாரியில் வைத்துக்கொண்டு, ஒரு நாள் விற்கும்போது அடுத்தவன் பெயரை எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். செலவு மிச்சம், அலைச்சல் மிச்சம். வருடா வருடம் லைசன் மட்டும் பழைய பெயரிலேயே புதுப்பித்தால் போதும்.

ஸியாம் பிளாஸ்டிக் உறையோடு கொண்டுவந்திருந்த படிவத்தை உருவிப் பார்த்துவிட்டுப் பலீல் நானா தலையை ஆட்டினார்.

"இந்த ஃபோம் எல்லாம் இப்ப செல்லாது. ஆள் இருக்காரா?"

"தெரியாது."

"போய்த் தேடுங்க. இருந்தா அவர்ட கையெழுத்து. மௌத்தாகி இருந்தா பெண்சாதிட கையெழுத்தும் மரணப் பத்திரமும். மிச்சத்த நான் பார்த்துக்குறேன்." மேசையிலிருந்து ஒரு புதிய படிவத்தை எடுத்துக் கொடுத்தார். "ஒண்ணு மட்டும். வித்த திகதின்னு இருக்கிற இடத்துல இன்னைக்குத் திகதியப் போடுங்க. பழைய வருஷத்தப் போட்டா பிந்தினதுக்குத் தண்டம், ஏன் எதுக்குன்னு விசாரணை. அந்தத் தலையிடி எனக்கு வேணாம், உங்கட காரையும் எடுக்க மாட்டேன்."

"எப்ப கொண்டுவரணும்?"

"அஞ்சு மணிக்குள்ள. தம்புள்ளையில இருந்து ஒரு பார்ட்டி இதே குட்டிக் காரைப் பார்க்க வருது. டீச்சருக்காக அஞ்சு மணி வரைக்கும் வச்சிருப்பேன்."

*

பகல் ளுஹர் தொழுதுவிட்டு ஸியாம் காரை எடுத்தார். அஸ்ரா தொலைபேசியில், "உம்மா, மாணிக்கத்துக்கு இன்னைக்குக் கடைசி நாளா?" என்று கேட்டாள்.

இரத்தோட்டைச் சந்தியில் அவர்கள் விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஓட்டோ ஸ்டாண்டிலிருந்து நரைத்த தலை டிரைவர் ஒருவர் தானே இறங்கி வந்தார்.

"இது மாணிக்கண்ணன் காருல்ல? இன்னும் ஓடுதா!"

இராசமாணிக்கம் அந்த ஸ்டாண்டில் இருபது வருடம் ஹயருக்கு வாடகைக் கார் ஓடியவராம். ஆறு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். மனைவி பாலாமணி மேலே, மாவு மில்லுக்குப் பின்னால் இருக்கிறார்.

காரின் பெயராகவே பழகிப்போன ஒருவர் இறந்துவிட்டார் என்று கேட்டதும் றிஸ்னாவுக்கு என்னவோ செய்தது. போன மாதம்கூட, "மாணிக்கம் இனி பிழைக்க மாட்டார்" என்று வீட்டில் எல்லோரும் சிரித்திருந்தார்கள்.

மில் ஒழுங்கை ஏற்றமாக இருந்தது. ஸியாம் உச்சிவரை நிற்பாட்டாமல் ஏறி, மில் முற்றத்தில் காரைத் திருப்பி, இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினார். சில்லு உருளாமல் ஒரு கல்லை வைத்தார். இந்தக் காரோடு வாழ்ந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

பாலாமணி கராம்பு துப்புரவு செய்யும் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வாசலுக்கு வந்தவர் இவர்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. நேரே காருக்குப் போய், பொனட்டில் கையை வைத்தார்.

"எங்க வூட்டுக் காரு" என்றார், யாருக்கும் இல்லாமல்.

பிறகுதான் திரும்பினார். "உள்ள வாங்க நானா. வாங்கம்மா."

ஒற்றை அறை வீடு. இரண்டு கதிரையில் இவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, மறுக்க மறுக்க பிளேன்டீ ஊற்றினார். ஸியாம் விஷயத்தைச் சொன்னார். கையெழுத்து ஒன்று வேண்டும், மரணப் பத்திரத்தின் பிரதி வேண்டும், சும்மா கேட்கவில்லை, ஏதாவது செய்வோம் என்றார்.

"போட்டுத் தாறேன்" என்றார் பாலாமணி. "இப்பவாவது வந்தீங்களே."

அந்த 'இப்பவாவது' றிஸ்னாவின் காதில் தைத்தது.

"முந்தி எங்கள தேடினீங்களா அக்கா?"

பாலாமணி கட்டிலுக்கடியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்தார்.

"ஏழைங்களுக்குக் குடுக்குற கவுருமெண்டு நிவாரணக் காசுக்கு ரெண்டு வாட்டி எழுதிப் போட்டேங்க. அவரு போனப்புறம் எனக்கு வேற என்னா இருக்கு? ரெண்டு வாட்டியும் இல்லன்னுட்டாங்க. ஒங்க புருஷன் பேர்ல காரு ஓடுது, வருஷா வருஷம் லைசன் எடுக்குறீங்க, ஒங்களுக்கு எதுக்கும்மா நிவாரணம்னு கேட்டாங்க. அவங்களக் குத்தம் சொல்ல முடியாது. கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கு."

"வித்தாச்சுன்னு சொல்லல்லயா?"

"சொன்னேன். யாருக்குன்னாங்க. மாத்தளை நானா ஒருத்தருக்குன்னேன். பேரு என்னான்னாங்க, தெரியல. காயிதம் இருக்கான்னாங்க, அதுவும் இல்ல."

ஸியாம் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பறம் போன வருஷம் ஒரு நா காரையே பார்த்துட்டேன். நான் வெடியக்காலையில மொத பஸ்ஸுக்கு வளைவுல நிப்பேன். வெள்ளக் காரு மேல போவுது. நம்பரு எனக்கு மனப்பாடமாச்சே! கையக் காட்டினேன், நிக்கல. மறுநாளும் காட்டினேன். இருட்டுல தெரியல போலன்னு பச்சக் கொடைய விரிச்சு வச்சுக்கிட்டு நின்னேன்."

றிஸ்னாவின் கையில் கோப்பை அப்படியே நின்றது.

பச்சைக் குடை. மழை இல்லாத நாளிலும் விரித்துப் பிடித்திருக்கும் பச்சைக் குடை. அதை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகிற யாரோ என்று நினைத்திருந்தாள். ஒரு நாள் அஸ்ராவிடம், "அந்தப் பச்சைக் குடை மனுசி இன்னைக்கும் கை காட்டிச்சு, பாவமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சோறு பிசைந்து சாப்பிட்டிருக்கிறாள்.

"எத்தின நாள் நின்னீங்க?"

"எண்ணலங்க. நாலஞ்சு மாசம் இருக்கும்."

"அது நான்தான் அக்கா. நான்தான் ஓட்டினது. லக்கலயில டீச்சரா இருக்கிறேன்." கோப்பையைக் கீழே வைத்தாள். "அந்த மேட்டுல நிப்பாட்டினா திரும்ப எடுக்க ஏலாது. அதனாலதான்..."

"தெரியும் டீச்சர்" என்றார் பாலாமணி. "அவரு இருக்கப்பவே அப்படித்தான். அதனாலதான வித்தாரு."

ஸியாம் தலையை நிமிர்த்தினார். "எனக்குச் சொல்லல்லயே!"

பாலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸியாமும் வேண்டா வெறுப்பாகச் சிரித்தார். றிஸ்னாவால் மட்டும் முடியவில்லை. வெட்கத்தில் அவள் முகம் எரிந்தது.

"திங்கக்கிழம கடைசியா ஒரு வாட்டி கூப்பிட்டிருக்காங்க" என்று பாலாமணி ஃபைலை மூடினார். "அப்பீலு. இதோட இல்லன்னா இல்லதானாம். சரி டீச்சர், காயிதத்தக் குடுங்க, போட்டுத் தாறேன். ஒங்களுக்கும் நேரமாவுது."

சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரணப் பத்திரத்தின் பிரதி ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார்.

மணி மூன்றரை. ஸியாமின் முகம் தெளிந்தது. "மிச்சத்த நீ நிரப்பு றிஸ்னா, உன்ட எழுத்துத்தான் நல்லம்" என்று பேனாவை நீட்டினார்.

பெயர், முகவரி, கார் இலக்கம் எல்லாம் எழுதினாள். விற்ற திகதி என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

இன்றைய திகதியைப் போட்டால் என்ன ஆகும்? பாலாமணி இன்றுவரை கார் வைத்திருந்தார் என்று ஆகும். அதை இன்றைக்குத்தான் விற்றுக் காசு வாங்கினார் என்றும் ஆகும். திங்கட்கிழமை அந்த மேசையில் அவருக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

"என்ன யோசிக்கிற? இன்னைக்குத் திகதி" என்றார் ஸியாம்.

காரின் செஸி இலக்கம் பார்க்க வேண்டும் என்ற சாக்கில் பிளாஸ்டிக் உறையிலிருந்து பழைய படிவத்தை உருவினாள். அதற்குப் பின்னால் மடித்த அரைத் தாள் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. நீலப் பேனாவில் சாய்ந்த கையெழுத்து. காரை மாத்தளை ஸியாம் நானாவுக்கு விற்று முழுப் பணத்தையும் பெற்றுக்கொண்டேன், 2011 ஆகஸ்ட் 19, கே. இராசமாணிக்கம்.

பாலாமணி எட்டிப் பார்த்தார். அந்த எழுத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக நகர்த்தினார்.

"அவரு எழுத்து" என்றார். பிறகு, "இது எங்க இருந்துச்சு டீச்சர்?"

"எங்கட அல்மாரியில."

"இவ்வளவு நாளுமா?"

"இவ்வளவு நாளும்."

பாலாமணி ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று றிஸ்னாவுக்குத் தோன்றியது. அந்த மனுசி விரலை எடுக்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

றிஸ்னாவுக்கு அந்த வெள்ளி நிறக் கார் ஞாபகம் வந்தது. பாதி மேட்டில் அது அசையாமல் நின்றதும், கேட்டதும் ஏறியதும் ஞாபகம் வந்தது. குவார்ட்டர்ஸ் அறையின் தகரக் கதவும் ஞாபகம் வந்தது. அந்தக் கார் அவளுக்கு வேண்டும், மிகவும் வேண்டும். அந்த ஆசை இல்லாமலிருக்க அவள் ஒன்றும் மகான் இல்லை.

கட்டத்துக்குள் எழுதினாள். 2011.08.19.

"றிஸ்னா!" ஸியாம் எழுந்துவிட்டார். "என்ன வேல செஞ்ச? பலீல் நானா இத கையாலயும் தொட மாட்டார்!"

"தெரியும்."

"இன்னைக்குத் திகதியப் போட்டு முடிச்சிட்டு, இவங்களுக்கு மாசா மாசம் நாம ஏதாவது பார்ப்போம்னுதானே நான்..."

"பதினாலு வருஷமா பார்ப்போம் பார்ப்போம்னுதானே பார்த்தோம்."

ஸியாம் கெட்ட மனிதர் இல்லை. அல்மாரியைத் திறந்து ஒரு நாள் அலைந்திருந்தால் முடிந்திருக்கும் காரியம், அதை அவரும் அறிவார். அதனால்தான் அவருக்கு அவ்வளவு கோபம் வந்தது. விறுவிறென்று வெளியே போனார்.

கல்லை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். மாணிக்கம் ஒரு தடவை இருமினார். அடுத்த தடவை அதுவும் இல்லை.

றிஸ்னா டிக்கியில் கையை வைத்துத் தள்ளப் போனாள். பாலாமணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்.

"அங்க இல்ல டீச்சர். அந்தக் கதவுக்கிட்ட நின்னு தள்ளுங்க, நான் இந்தப் பக்கம். பின்னால தள்ளுனா இது அசையாது, நான் எத்தன வருஷம் தள்ளியிருக்கேன்!"

தன் நிவாரணத்தை மறித்துக்கொண்டு நின்ற காரை, இரண்டு கையாலும் அவர் தள்ளினார். கார் இறக்கத்தில் உருண்டு, இரண்டு குலுக்குக் குலுக்கி, புகை விட்டுக்கொண்டு உயிர் பிடித்தது.

"ஏறு! நிப்பாட்ட ஏலாது!" என்று ஸியாம் கத்தினார்.

"நீங்க போங்க! நான் எழுத வேண்டியது இருக்கு, பஸ்ல வாறேன்!"

வெள்ளைக் கார் வளைவில் மறைந்தது. நாலு மணிக்குப் பக்கமாகியிருந்தது. தம்புள்ளைப் பார்ட்டி இந்நேரம் பாதி வழியில் நாவுலயைத் தாண்டியிருக்கும், அந்தக் குட்டிக் கார் இனி அவர்களுக்குத்தான்.

உள்ளே வந்து, பாலாமணியின் ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதத் தொடங்கினாள். இந்தக் கார் 2011 ஆகஸ்ட் முதல் எங்கள் வசமே இருக்கிறது. பெயரை மாற்றாதது எங்கள் பிழை. கீழே பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதும்போது தொலைபேசி அடித்தது. அதிபர்.

"டீச்சர், திங்கக்கிழமை காலைக் கூட்டத்துக்கு முந்தி உங்க முடிவைச் சொல்லிடுங்க" என்றார் சிங்களத்தில்.

"சேர், திங்கக்கிழமை எனக்கு வர ஏலாது."

"அப்படின்னா நான் எழுத வேண்டி வரும் டீச்சர்."

"எழுதுங்க சேர்" என்றாள். சொல்லிவிட்டு அடையாள அட்டை இலக்கத்தை எழுதி முடித்தாள்.

பாலாமணிக்குச் சிங்களம் தெரியும். எல்லாம் விளங்கியது. கடிதத்தை வாங்கி ஃபைலுக்குள் வைத்தார், அதன் மேல் அந்த அரைத் தாளை வைத்தார். பஸ்ஸுக்கு வழியனுப்ப வாசல்வரை கூடவே வந்தார். அங்கே தயங்கி நின்றார்.

"திங்கக்கிழம அப்பீலுக்கு நீங்களும் வருவீங்களா டீச்சர்? நான் அந்த வளைவுல நிக்கவா?"

"நில்லுங்க அக்கா. எட்டு மணிக்கு."

"கொடையோட நிக்கிறேன். கையக் காட்டுறேன்."

"கையக் காட்ட வேணாம்" என்றாள் றிஸ்னா. "கார்ல வந்தா நிப்பாட்ட ஏலாமப் போயிடும். நான் பஸ்ல வாறேன்."